எத்னிக் ஸ்டடீஸ் படிக்க பெர்க்லியா, சான் ஃபிரான்சிஸ்கோ ஸ்டேட்டா?

ஃப்ரீமாண்ட் அப்பா:
மகள் ஜூனில் பள்ளி முடிக்கிறாள். எத்னிக் ஸ்டடீஸ்தான் (அமெரிக்காவில் கறுப்பின, ஆசிய, லத்தீன், பூர்வகுடி மக்களின் வரலாற்றையும் வாழ்வையும் படிப்பது) படிப்பேன் என்று நிற்கிறாள். பெர்க்லி பல்கலைக்கழகத்திலும் இடம் கிடைத்திருக்கிறது, சான் ஃபிரான்சிஸ்கோ ஸ்டேட் பல்கலைக்கழகத்திலும் கிடைத்திருக்கிறது. மே 1-க்குள் ஒன்றை உறுதி செய்யவேண்டும். பெர்க்லி கிடைத்தும் ஸ்டேட்டுக்குப் போகிறேன் என்கிறாள், எனக்கு மனசு ஒப்பவில்லை. "அதெல்லாம் ஒரு படிப்பா" என்ற பதிலை நிறையக் கேட்டாயிற்று, அது வேண்டாம். இரண்டில் எது, ஏன் என்று சொல்லுங்கள்.

பெர்க்லி 09:
பெர்க்லிதான் சார். நான் அங்கே உயிரியல் படிக்கப் போனவள். 'அமெரிக்கன் கல்ச்சர்ஸ்' வகுப்பு ஒன்று எடுத்தே ஆகவேண்டும் என்பதால் ஆசிய அமெரிக்க வரலாறு எடுத்தேன். அடுத்த செமஸ்டரே எத்னிக் ஸ்டடீஸை இரண்டாவது மேஜராக, அதாவது முதன்மைப் பாடமாக, சேர்த்துக்கொண்டேன். 1984-லிருந்து அங்கே இந்தத் துறையில் பிஎச்.டி. இருக்கிறது. ஆராய்ச்சி செய்கிறவர்கள் பக்கத்திலேயே இருந்து பி.ஏ. பிள்ளைகள் படிக்கிறார்கள். இந்தத் துறைக்கென்றே தனி நூலகம் வேறு. பின்னாளில் பேராசிரியர் ஆகும் எண்ணம் இருந்தால் இதை விடவே கூடாது.

மிஷன் தெரு:
நான் ஸ்டேட்டில் படித்தவன். பெர்க்லியில் எத்னிக் ஸ்டடீஸ் ஒரு துறை. ஸ்டேட்டில் அது தனிக் கல்லூரி, தனி டீன். பெயர்ப்பலகையில் மட்டும் உள்ள வித்தியாசம் இல்லை இது. 1968 நவம்பர் 6 அன்று கறுப்பின மாணவர் சங்கமும் மூன்றாம் உலக விடுதலை முன்னணியும் வேலைநிறுத்தம் தொடங்கின. அடுத்த மார்ச் வரை, நாலரை மாதம் நடந்தது. போலீஸ் அடி, நூற்றுக்கணக்கில் கைது. எங்கள் வரலாற்றை யார் நடத்துவது, எந்த ஆசிரியரை எடுப்பது என்று நாங்கள் தீர்மானிக்கவேண்டும் என்று கேட்டார்கள். அதில்தான் அந்தக் கல்லூரி பிறந்தது. 1969 ஜனவரியில் பெர்க்லி மாணவர்களும் தனிக் கல்லூரி கேட்டுத்தான் இறங்கினார்கள், கிடைத்தது துறை. கறுப்பினப் பிரிவு 1974-இல் அதிலிருந்தும் பிரிந்துபோனது.

என் வகுப்பில் பாதிப் பேர் ராத்திரி வேலை முடித்துவிட்டு வருவார்கள். 1965-இல் கலிஃபோர்னியாவின் டெலானோவில் நடந்த திராட்சைத் தோட்ட வேலைநிறுத்தம் பற்றிப் பாடம் நடந்தபோது ஒரு பிலிப்பினோ பையன் எழுந்து, "என் தாத்தா அதில் நின்றவர்" என்றான். மீதிப் பாடத்தை அவன்தான் நடத்தினான். ஆசிரியர் உட்கார்ந்து குறிப்பெடுத்தார்.

கோடுமேய்ப்பன்:
நான் கேட்பதைத் தப்பாக எடுக்காதீங்க. பிலிப்பினோ, மெக்ஸிகன், கறுப்பின வரலாறு எல்லாம் சரி. நம்ம பிள்ளைக்கு இதில் என்ன? நம்மைப் பற்றிப் படிக்க சவுத் ஏசியன் ஸ்டடீஸ் இருக்கிறதே.

மிஷன் தெரு:
அது இந்தியாவைப் படிப்பது. இது இங்கே வந்துவிட்ட நம்மைப் படிப்பது. 1923-இல், இங்கே குடியேறிய பகத் சிங் திந்த் என்பவரின் வழக்கில், இந்தியர் வெள்ளையர் இல்லை, ஆகவே குடியுரிமை கிடையாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. கலிஃபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கில் விவசாயம் பார்த்த பஞ்சாபிகள் பலர் மெக்ஸிகன் பெண்களைக் கட்டி, புதுக் குடும்பங்களாகவே ஆனார்கள். 1965 குடியேற்றச் சட்டம் கறுப்பின மக்களின் சிவில் உரிமைப் போராட்டக் காலத்தில் வந்தது. அது வராமல் இருந்திருந்தால் நீங்களும் நானும் இங்கே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

பெர்க்லி 09:
சரித்திரத்தில் எனக்குச் சண்டையே இல்லை அண்ணா. இன்றைக்கு நிலைமை என்ன? ஸ்டேட்டில் மாணவர் எண்ணிக்கை குறைந்து பட்ஜெட் வெட்டு விழுந்திருக்கிறது. அவள் நாலு வருஷம் படிக்கவேண்டுமே.

மிஷன் தெரு:
2020-இல் வந்த ஏபி 1460 என்ற மாநிலச் சட்டப்படி கால் ஸ்டேட் (கலிஃபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழகம், எங்கள் ஸ்டேட்டும் அதில் ஒன்று) வளாகங்களில் இளநிலைப் பட்டம் படிக்கும் எல்லாருக்கும் 3 யூனிட், அதாவது ஒரு வகுப்பு, எத்னிக் ஸ்டடீஸ் கட்டாயம். வகுப்புகள் காலியாகாது.

பெர்க்லி 09:
நிரம்பப்போவது அறிமுக வகுப்புகள். வெட்டுப்படுவது பத்துப் பேர் எடுக்கும் மேல்நிலை வகுப்பு. மேஜர் எடுப்பவளுக்கு அதுதானே முக்கியம்?

மிஷன் தெரு:
அது நியாயமான கேள்வி. கடந்த இரண்டு வருஷத்தில் எந்தெந்த மேல்நிலை வகுப்பு உண்மையிலேயே நடந்தது என்று ஆலோசகரிடம் பட்டியல் கேட்டு வாங்குங்கள் சார். ஸ்டேட்டில் மட்டும் இல்லை, பெர்க்லியிலும். கட்டணத்தையும் பாருங்கள். கலிஃபோர்னியாக்காரர்களுக்கு ஸ்டேட் கட்டணம் பெர்க்லி கட்டணத்தில் ஏறக்குறைய பாதிதான்.

சாக்ரமெண்டோ டீச்சர்:
வேலை பற்றி ஒரு வார்த்தை. உயர்நிலைப் பள்ளியில் எத்னிக் ஸ்டடீஸை கட்டாயமாக்கும் ஏபி 101 சட்டம் 2021-இல் வந்தது. ஆனால் அரசு நிதி ஒதுக்கினால்தான் அது நடைமுறைக்கு வரும், 2025 பட்ஜெட்டில் ஒதுக்கவில்லை. அதை நம்பி ஆசிரியர் வேலைக்குக் கணக்குப் போடாதீர்கள். சொல்லித்தரும் ஆசை இருந்தால் சமூக அறிவியல் ஆசிரியர் தகுதிக்கு வேண்டிய பாடங்களையும் சேர்த்து எடுக்கட்டும். அதற்காக இந்தப் படிப்புக்குப் போக்கிடம் இல்லை என்று நினைக்கவேண்டாம். சான் டியகோ ஸ்டேட்டில் ஆஃப்ரிக்கானா ஸ்டடீஸ் (கறுப்பின மக்களைப் பற்றிய படிப்பு) பேராசிரியராக இருந்த ஷெர்லி வெபர்தான் சட்டமன்றம் போய் அந்த ஏபி 1460-ஐக் கொண்டுவந்தார்.

அது இருக்கட்டும். பிள்ளை ஏன் ஸ்டேட் என்கிறாள்? அதை நீங்கள் சொல்லவே இல்லையே தம்பி.

ஃப்ரீமாண்ட் அப்பா:
நேற்று ராத்திரிதான் கேட்டேன் அக்கா. கேட்காமலே சண்டை போட்டிருக்கிறேன்.

போன வருஷம் ஒரு பாட்லக் விருந்தில் நண்பர் வீட்டுப் பெரியவர் அவளிடம் "நீங்க என்ன ஆளுங்கம்மா?" என்று கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டாள். "இங்கே எதுக்கும்மா அதெல்லாம்" என்று பேச்சை மாற்றிவிட்டேன். அவள் தானாகத் தேடியிருக்கிறாள். 2022 ஜனவரியில் கால் ஸ்டேட் நிர்வாகம் பாகுபாடு தடுப்பு விதியில் சாதியையும் சேர்த்தது, அதற்காக முன்னின்று போராடியவர்கள் மாணவர்கள் என்று படித்திருக்கிறாள். 2023-இல் அதை மாநிலச் சட்டமாகவே ஆக்கப் பார்த்த எஸ்பி 403 மசோதாவை கவர்னர் நியூசம் வீட்டோ செய்ததையும் அவள்தான் எனக்குச் சொன்னாள். கப்பலேறி வந்த சாதியைப் பற்றித்தான் படிக்கப்போகிறாளாம். பெர்க்லி பெயர் போய்விடுமே என்பதைவிட, இதைப் படிக்கிறாளே என்பதுதான் என் பயம் என்று இப்போது தெரிகிறது.

பெர்க்லி 09:
அப்படியென்றால் கேள்வியே மாறிவிட்டது சார். இரண்டு இடத்திலும் இதை வழிநடத்தக்கூடிய ஆசிரியர் யார், அவர் அடுத்த இரண்டு வருஷம் அங்கே இருப்பாரா என்று கேளுங்கள். ஸ்டேட்டில் அப்படி ஒருவர் இருந்தால் நான் பெர்க்லி என்று வற்புறுத்த மாட்டேன்.

ஃப்ரீமாண்ட் அப்பா:
வியாழக்கிழமை லீவு போட்டிருக்கிறேன். காலையில் ஸ்டேட், மதியம் பெர்க்லி, இரண்டிலும் ஒவ்வொரு வகுப்பில் உட்காரக் கேட்டு அவளே எழுதியிருக்கிறாள். அவள் கேட்ட அந்தக் கேள்விக்குப் போகிற வழியில் காரில் பதில் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.