டிரைவர்ல எனேபிள், டிசேபிள் கோடைப் பிரிச்சு எழுதணும், எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?

மன்னார்குடிக்காரன்:
அண்ணே, பாமணி ஆத்துலேர்ந்து பிரியுற வாய்க்கால் மதகுல தண்ணி மட்டம் பாக்க ஒரு போர்டு மாட்டப் போறோம், சோலார் பேட்டரில ஓடுறது, அதுல உள்ள ஏடிசி சிப்புக்கு (வோல்டேஜை நம்பரா மாத்துறது) லினக்ஸ் டிரைவர், அதாவது சிப்பை இயக்குற புரோகிராம், நான்தான் எழுதுறேன். ரெகுலேட்டர் (சிப்புக்குக் கரன்ட் குடுக்குறது) ஆன், கிளாக் (சிப்பு ஓடத் துடிப்பு குடுக்குறது) ஆன், ரீசெட்டை எடுத்து விடுறதுன்னு மூணு வேலையும் புரோப்லயும் (டிரைவர் சிப்போட சேர்றப்ப ஓடுறது) ரெஸ்யூம்லயும் (தூக்கத்துலேர்ந்து எழுப்புறது) அப்படியே காப்பியா கெடக்கு, ஆஃப் பண்றது சஸ்பெண்ட்ல (தூங்க வைக்கிறது) ஒரு மாதிரி, ரிமூவ்ல (டிரைவரைக் கழட்டுறப்ப ஓடுறது) வேற மாதிரி. சிப்பு தூங்குறப்ப டிரைவர் மாடியூலைக் கழட்டினா 'அன்பேலன்ஸ்டு டிசேபிள்ஸ்'னு வார்னிங் வருது. ஜூன் 12 மேட்டூர் திறந்தாங்கன்னா கடைமடைக்குத் தண்ணி வர்றதுக்குள்ள இதை மாட்டிடணும்.

தஞ்சாவூர் அண்ணன்:
தம்பி, பவர் ஆன், பவர் ஆஃப்னு ரெண்டே ஃபங்ஷன் வை, வேற எங்கயும் ரெகுலேட்டரைத் தொடாதே. ஆஃப்ல ஆர்டர் அப்படியே தலைகீழ், ரீசெட்டைப் போடு, கிளாக்கை நிறுத்து, கடைசியா ரெகுலேட்டர். நம்ம போர் செட்ல மெயினைப் போட்டுட்டுத்தானே ஸ்டார்ட்டரை அமுக்குறோம், நிறுத்துறப்ப ஸ்டார்ட்டர் மொதல்ல, மெயின் பின்னாடி, அதே கணக்குதான். ஆன் பண்றப்ப கிளாக் ஃபெயில் ஆச்சுன்னா 'goto' லேபிளுக்குப் போய் ரெகுலேட்டரை அணைச்சுட்டுத்தான் எர்ரரைத் திருப்பணும், இல்லேன்னா அது ஆன்லயே நின்னு உன் பேட்டரியைக் குடிச்சிடும்.

கும்பகோணம்:
அண்ணன் சொன்னது சரி, ஆனா வார்னிங் அதோட போகாது. சஸ்பெண்ட் ஏற்கனவே அணைச்சதை ரிமூவ் திரும்ப அணைக்குது, ரெகுலேட்டர்ல எத்தனை தடவை ஆன் பண்ணினோம்ங்கிற கவுன்ட் ஜீரோ ஆனப்புறம் இன்னொரு தடவை டிசேபிள் கூப்பிட்டா அது கத்தத்தான் செய்யும். ரிமூவ்ல மொதல்ல ரன்டைம் பிஎம்மை (சும்மா இருக்குறப்ப சிப்பைத் தூங்க வைக்கிற கெர்னல் ஏற்பாடு) டிசேபிள் பண்ணுங்க, அப்புறம் ஸ்டேட்டஸ் பாத்து, சஸ்பெண்ட் ஆகலேன்னா மட்டும் பவர் ஆஃப். இன்னொன்னு, பிஎம் ரன்டைம் கெட் சிங்க் ஃபெயில் ஆனாலும் யூசேஜ் கவுன்ட்டை ஏத்தியே வச்சிடும், இதுல நான் ரெண்டு நாள் மண்டையை உடைச்சிருக்கேன், அதுக்குப் பதிலா லினக்ஸ் 5.10லேர்ந்து உள்ள ரெஸ்யூம் அண்ட் கெட் போடுங்க, ஃபெயில் ஆனா அதுவே எறக்கிடும். டிவைஸை டெவ்எம்ல (டிரைவரைக் கழட்டுறப்ப எல்லாத்தையும் தானா விடுவிக்கிற கெர்னல் வசதி) ரெஜிஸ்டர் பண்ணியிருக்கீங்களா?

மன்னார்குடிக்காரன்:
ஆமாங்க, டெவ்எம்தான்.

கும்பகோணம்:
அப்ப ரிமூவ் ஃபங்ஷனே வேணாம். டெவ்எம் சமாச்சாரம் எல்லாம் ரிமூவ் முடிஞ்சப்புறம்தான் அவிழும், நடுவுல எவனாச்சும் ரீடிங் கேட்டா கரன்ட் இல்லாத சிப்பைத்தான் தொடுவீங்க. ஆஃப் பண்றதை டெவ்எம் ஆக்‌ஷனா, அதாவது தானா கூப்பிடப்படுற ஃபங்ஷனா, ரெஜிஸ்டருக்கு முன்னாடியே சேத்துடுங்க, கடைசியா சேத்ததுதான் மொதல்ல அவிழும்.

தஞ்சாவூர் அண்ணன்:
தம்பி, ரெண்டு பேட்ச்சா (மாத்துன வரிகளை மட்டும் காட்டுற ஃபைல்) அனுப்பு. மொதல்ல கோடை இடம் மாத்துறது மட்டும், அடுத்ததுல இந்தத் திருத்தம். ஒண்ணாக் கலந்தா ரிவ்யூ பண்றவருக்கு எது மாறுச்சுன்னே தெரியாது.

மன்னார்குடிக்காரன்:
ஆக்‌ஷனா மாத்திட்டேன், இருவது தடவை கழட்டி மாட்டினேன், வார்னிங் இல்ல. கிளாக் எர்ரரை வேணும்னே வரவச்சு ரெகுலேட்டர் அணையுதான்னு நாளைக்குப் பாக்குறேன். ரொம்ப நன்றிண்ணே.