1995 நெப்ராஸ்காவா, 2001 மியாமியா?

கேள்வி:
அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் எல்லாக் காலத்துக்கும் சிறந்த அணி எது? என் ஓட்டு 1995 நெப்ராஸ்காவுக்கு. 12 ஆட்டம், 12 வெற்றி. அதிலேயே மிக நெருக்கமான வெற்றி 14 புள்ளி வித்தியாசம்! சாம்பியன் யார் என்று முடிவு செய்த ஃபியஸ்டா பௌல் இறுதியாட்டத்தில், அதுவரை தோற்காத புளோரிடாவை 62–24 என்று நொறுக்கினார்கள். பந்தோடு ஓடியே எடுத்தது 524 யார்டு. குவாட்டர்பேக் (தாக்குதலை நடத்துபவர்) டாமி ஃப்ரேசியர் 75 யார்டு ஓடி, பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோன அந்த ஒரு டச் டவுனைப் பாருங்கள்: பிடித்தவர்களை எல்லாம் உதறிவிட்டுப் போகிறார். இன்றும் எனக்குப் புல்லரிக்கும்.

பதில் 1:
2001 மியாமிதான். அந்த அணியிலிருந்து 38 பேர் என்எஃப்எல் டிராஃப்டில் (தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) தேர்வானார்கள், 17 பேர் முதல் சுற்றிலேயே. பந்தோடு ஓடும் ஆட்டக்காரர் கிளின்டன் போர்ட்டிஸுக்கு மாற்றாக உட்கார்ந்திருந்தவர்கள் மெக்காஹியும் ஃபிராங்க் கோரும்! ரோஸ் பௌலில் நெப்ராஸ்காவை 37–14 என்று வென்றது மறந்துவிட்டதா?

பதில் 2:
2019 எல்எஸ்யூவை (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) விடலாமா? 15 வெற்றி, தோல்வியே இல்லை. குவாட்டர்பேக் ஜோ பர்ரோ வீசிய டச் டவுன் பாஸ்கள் 60. ஆனால் அலபாமாவிடம் 41 புள்ளி விட்டுக்கொடுத்த தடுப்பாட்டம்தான் இடிக்கிறது.

கேள்வி கேட்டவர்:
பதில் 1, நீங்கள் சொல்வது 2001 நெப்ராஸ்கா. அது வேறு அணி. திறமைப் பட்டியலில் மியாமி மேலே, சரி. ஆனால் அவர்கள் வர்ஜீனியா டெக்கிடம் 26–24 என்றுதான் தப்பினார்கள். பயிற்சியாளர் டாம் ஆஸ்போர்னின் நெப்ராஸ்கா பையன்களை 1995இல் யாரும் அப்படித் திணறடிக்கவில்லை. என் ஓட்டு மாறாது.