காரைக்கால் அம்மையாரை எங்கே எதிர்கொண்டீர்கள்? – அனுபவப் பகிர்வு

கடைமடைக்காரன்:

மாங்கனித் திருவிழாவைப் பற்றி இங்குள்ளவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனிப் பௌர்ணமியன்று, பிச்சையேற்கும் கோலத்துச் சிவனான பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மாங்கனிகளை இறைப்பார்கள். கீழே நிற்பவர்கள் முண்டியடித்துப் பிடிப்பார்கள். சென்ற ஆண்டு காரைக்காலில் எனக்கு முன்னால் ஒரு பெண் முந்தானையை இரு கைகளாலும் விரித்தபடி நின்றிருந்தார். பிள்ளைவரம் வேண்டி வந்தவர் என்பது உடன் நின்ற மாமியாரின் பேச்சிலிருந்து தெரிந்தது. மேலிருந்து வந்த பழம் அவர் தோளில் பட்டுத் தெறித்து, கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞனிடம் போயிற்று. அவன் அந்தப் பெண்ணைப் பார்த்தான், பழத்தைப் பார்த்தான், பிறகு அங்கேயே தோலோடு கடித்துத் தின்னத் தொடங்கிவிட்டான். கணவன் கொடுத்தனுப்பிய இரண்டு கனிகளில் ஒன்றைப் பசியோடு வந்த அடியவருக்கு எடுத்துப் படைத்த அம்மையாரின் பெயரால் நடக்கும் விழாவில், கேட்டு வந்தவருக்குக் கொடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லையே என்பது இன்றும் உறுத்துகிறது. என் கையில் அன்று ஒரு பழமும் அகப்படவில்லை.

வெண்பாப்பித்து:

விழாவை மட்டும் பார்த்துவிட்டு அம்மையாரைக் கண்டதாகச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அற்புதத் திருவந்தாதி 101, திருவிரட்டை மணிமாலை 20, மூத்த திருப்பதிகங்கள் இரண்டிலும் சேர்த்து 22 என அவர் பாடியவை நம்மிடம் அப்படியே இருக்கின்றன. அவற்றில் மாங்கனியும் இல்லை, கணவன் பரமதத்தனும் இல்லை. சுடுகாடு இருக்கிறது, ஆடுகிறவன் இருக்கிறான், அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பேய் இருக்கிறது. தம்மைக் ‘காரைக்காற்பேய்’ என்றே அவர் சொல்லிக்கொள்கிறார்.

நான் அவரைக் கண்டது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில். 13ஆம் நூற்றாண்டுச் சோழர் செப்புப் படிமம். வற்றிய மார்பும் கையில் தாளமுமாக உட்கார்ந்திருக்கிறார். ஆறு வயதிருக்கும் ஒரு வெள்ளைக்காரச் சிறுமி படிமத்தின் எதிரே தரையில் அதேபோல் கால்களை மடித்து உட்கார்ந்து, வாயைத் திறந்து, இல்லாத தாளத்தைத் தட்டத் தொடங்கினாள். தாய் பதறிப்போய் அவளைத் தூக்கிக்கொண்டு நடந்தார். இவர் யார் என்று அந்தத் தாயிடம் இரண்டு சொற்களாவது சொல்லியிருக்கலாம் என்ற எண்ணம் எனக்கு அடிக்கடி வரும்.

நாகைத் தென்றல்:

மாங்கனியை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட வேண்டாம், ஐயா. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் விரித்துரைத்த அந்தக் கதை இல்லையென்றால், அந்தாதியைக் கையில் எடுக்காத லட்சக்கணக்கான வீடுகளுக்குப் புனிதவதி என்ற அம்மையாரின் இயற்பெயரே போய்ச் சேர்ந்திருக்காது. என் ஆச்சிக்குப் பாடல் ஒன்றும் தெரியாது. ஆனால் இரண்டாவது பழத்தின் சுவையைக் கண்டு கணவனுக்கு ஐயம் எழுந்த கட்டத்தை அவர் சொல்லும்போது நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்போம்.

எங்கள் பக்கத்துக் கோயில் ஒன்றில் பெரிய புராணச் சொற்பொழிவு நடந்தது. கப்பலேறிப் போன பரமதத்தன் பாண்டிய நாட்டில் வேறொரு பெண்ணை மணந்து, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயரிட்டு, சுற்றத்தார் முதல் மனைவியைச் சிவிகையில் கொண்டுவந்து சேர்த்தபோது குடும்பத்தோடு அவர் காலில் விழுகிறான் அல்லவா? அந்த இடத்தில் பேச்சாளர், மனைவிக்கு அஞ்சும் கணவர்களைப் பற்றி ஒரு நகைச்சுவை சொன்னார். கூட்டம் சிரித்தது. எனக்குப் பக்கத்தில் தூணில் சாய்ந்திருந்த ஒரு முதிய பெண்மணி உரத்த குரலில், “வுட்டுட்டுப் போனவனுக்குப் பொண்டாட்டி, புள்ள எல்லாம் கெடச்சிடுச்சு. இவளுக்கு என்னா மிச்சம்? எலும்புதான்” என்றார். சிரிப்பு நின்றுவிட்டது. பேச்சாளர் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த பாடலுக்குப் போய்விட்டார். கணவனுக்காகத் தாங்கிய தசைப்பொதியை உதறிவிட்டுப் பேய் வடிவம் கேட்ட அந்தப் பாடலை நான் முன்பே பலமுறை படித்திருந்தும், அதற்குள் இருந்த கோபத்தை அன்றுதான் கேட்டேன். அது பக்தி மட்டுமே என்று இனி என்னிடம் யாரும் வாதிட வேண்டாம்.

ஆலவனம்:

திருவாலங்காட்டில் ஒரு மார்கழி விடியலில் காலை உயரத் தூக்கி ஆடும் ஊர்த்துவ தாண்டவர் சந்நிதியில் நின்றபோது, ஓதுவார் அம்மையாரின் மூத்த திருப்பதிகத்தைக் ‘கொங்கை திரங்கி’ என்று தொடங்கியதும் எனக்கு உடல் சிலிர்த்தது. என் அனுபவம் அவ்வளவுதான்.

ஆனால் மேலே எழுதியவர்களைப் பார்க்கும்போது, அம்மையாரை எந்த வரிசையில் அணுகுவது என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்று தெரிகிறது. முதலில் அந்தாதியை நாளுக்குப் பத்து வெண்பாவாக வாய்விட்டுப் படியுங்கள். ஒரு பாடலின் முடிவு அடுத்ததைத் தானே இழுத்துக்கொண்டு வரும். இரண்டாம் வெண்பாவிலேயே, இறைவன் இடர் களையாவிட்டாலும், எனக்கு இரங்காவிட்டாலும், செல்லும் நெறியைக் காட்டாவிட்டாலும் என் நெஞ்சின் அன்பு அறாது என்கிறார். அதைத் தாண்ட அவசரப்படாதீர்கள். நாகைத் தென்றல் அவர்கள் கோபம் என்று சொல்வதற்கும் அங்கே பதில் இருக்கிறது. அதன்பின் இரட்டை மணிமாலை. மூத்த திருப்பதிகங்களைக் கடைசியாக வைத்துக்கொண்டு, நட்டபாடை, இந்தளம் என்னும் பண்களில் ஓதத் தெரிந்த ஒருவர் பாடக் கேளுங்கள். தேவார மூவருக்கும் முற்பட்ட பதிகங்கள் அவை என்பது காதில் விழும்போது வேறு விதமாகப் புரியும். எந்தச் சிவன் கோயிலுக்குப் போனாலும் அறுபத்துமூவர் வரிசையை வேகமாகக் கடந்துவிடாதீர்கள்: எல்லோரும் நிற்க, அம்மையார் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருப்பார். இறைவனே ‘அம்மையே’ என்று அழைத்தவர் என்பதால் அந்த இருக்கை என்பார்கள். திருவாலங்காடு செல்பவர்கள் பங்குனிச் சுவாதியில், அவருடைய குருபூசையன்று செல்வது நல்லது. அம்மையார் தலையால் நடந்த மண் என்பதற்காக ஞானசம்பந்தர் அந்த ஊருக்குள் கால்வைக்கத் தயங்கி அருகிலிருந்த ஊரில் தங்கினார் என்கிறது புராணம். நாமோ வாசல்வரை காரில் போய் இறங்குகிறோம். வண்டியைச் சற்றுத் தள்ளியே நிறுத்தலாம்.

தூரதேசி:

நான் அவரைக் கண்டது கம்போடியாவில். 10ஆம் நூற்றாண்டுப் பண்டேஸ்ரீ கோயிலின் சிவந்த கல்லில், ஆடும் சிவனுக்குக் கீழே ஓரத்தில் எலும்பும் தோலுமாக உட்கார்ந்திருக்கிறார். வழிகாட்டி இளைஞர் ‘காரைக்கால்’ என்று பெயரைச் சரியாகச் சொன்னார்; அது என் ஊர்ப் பக்கம் என்றதும், முழுக் கதையையும் சொல்லச் சொல்லி நிழலில் உட்கார்ந்துவிட்டார். முடித்தபோது அந்தக் கணவன் பிறகு என்ன ஆனான் என்று கேட்டார். காலில் விழுந்ததோடு சேக்கிழார் அவனை விட்டுவிடுகிறார் என்றேன். அந்தப் பதில் அவருக்குப் போதவில்லை. பரமதத்தனின் பிற்கால வாழ்வு பற்றி உங்கள் ஊர்களில் வாய்மொழிக் கதை ஏதாவது வழங்குமானால் எழுதுங்கள். அந்த வழிகாட்டியின் மின்னஞ்சல் முகவரி என்னிடம் இருக்கிறது.