காவிரின்னா நம்ம கட்சிங்க ஒண்ணா நிப்பாங்களாமே?

கல்லணைக்காரன்:
நேத்து ஒருத்தர் எழுதியிருந்தார், மத்ததுல எவ்வளவு அடிச்சுக்கிட்டாலும் காவிரின்னு வந்தா தமிழ்நாட்டு கட்சிங்க எல்லாம் ஒண்ணு, 2018 பிப்ரவரி 22 அனைத்துக் கட்சிக் கூட்டமே சாட்சின்னு. படிச்சதும் வயிறு எரிஞ்சுது. கர்நாடகா நமக்கு வருசா வருசம் விட வேண்டிய தண்ணிய உச்ச நீதிமன்றம் 192 டிஎம்சில (நூறு கோடி கன அடி) இருந்து 177.25ஆ குறைச்சது பிப்ரவரி 16, எல்லாம் போனப்புறம் ஆறு நாள் கழிச்சு ஒரே மேசையில உக்காந்தா அது ஒற்றுமையா? 2012ல இருந்து 2019 வரைக்கும் எட்டு வருசம் வழக்கமான ஜூன் 12ல மேட்டூர் அணைய திறக்கல, குறுவைக்கு நாத்து விட முடியாம நாங்க கெடந்தோம், அப்ப எங்க போச்சு இந்த ஒற்றுமை? ஒண்ணா நின்னது விவசாயிங்க. 1983ல உச்ச நீதிமன்றத்துக்குப் போனது டெல்டா விவசாயிங்க சங்கம், அந்த கேஸ்லதான் 1990ல தண்ணிய மாநிலங்களுக்குப் பங்கு பிரிக்கிற நடுவர் மன்றம் வந்துச்சு. எந்தக் கட்சியும் வாங்கித் தரல.

உதயசூரியன்67:
அண்ணே உங்க கஷ்டம் புரியுது, ஆனா வரலாற மாத்தாதீங்க. 1990 ஜூன் 2 நடுவர் மன்றம் அமைச்சது வி.பி.சிங், கேட்டு வாங்கினது கலைஞர். ஊருக்கே தெரியும்.

இலைநிழல்:
கேட்டு வாங்கினாராம்! 1986லயே நடுவர் மன்றம் வேணும்னு மத்திய அரசுக்கு முறைப்படி கோரிக்கை அனுப்பினது எம்ஜிஆர் அரசு. 1971ல தமிழ்நாடு போட்ட காவிரி வழக்க 1972ல வாபஸ் வாங்கினது யாருன்னும் சேத்து சொல்லுங்க.

உதயசூரியன்67:
அது இந்திரா காந்தி பேசித் தீத்துக்கலாம்னு சொன்னதால. அப்புறம் நடுவர் மன்றம் வேணும்னு 1970லயே கேட்டாச்சு, எம்ஜிஆருக்கு பதினாறு வருசம் முன்னாடி.

கல்லணைக்காரன்:
ரெண்டு பேரும் தேதிய பாருங்க. 1990 மே 4, ஒரு மாசத்துக்குள்ள நடுவர் மன்றம் அமைக்கணும்னு உச்ச நீதிமன்றம் உத்தரவு. ஜூன் 2 மன்றம் வந்துச்சு. உத்தரவு எந்த மனுவுல? விவசாயிங்க மனுவுல. கோர்ட்டு கெடு வச்சத கட்சி சாதனைன்னு முப்பது வருசமா மேடைல பேசறீங்க, அந்த மனுவுக்குக் கைக்காசு போட்டவங்க பேரு எங்கயாவது வந்திருக்கா? எங்க தெருவுலயே ரெண்டு பேரு, இப்ப உயிரோட இல்ல.

உதயசூரியன்67:
இனி பேச்சுவார்த்தையே வேணாம்னு கோர்ட்ல தமிழ்நாடு அரசு உறுதியா சொன்னதாலதான் அந்த உத்தரவே வந்துச்சு. அப்ப முதல்வர் யாரு?

பெங்களூர்வாசி:
ஒரு நிமிசம் சார். நீங்க அங்க யாரு வாங்கினதுன்னு சண்ட போடறீங்க, 1991 டிசம்பர்ல நடுவர் மன்றத்தோட இடைக்காலத் தீர்ப்பு அரசிதழ்ல வந்ததும் அடி வாங்கினது இங்க இருந்த தமிழ்க் குடும்பங்க. எங்க அப்பா கடைய ரெண்டு வாரம் திறக்கல. பொதுவா நிக்கிறதுன்னா 2003ல ஆரம்பிச்ச காவிரிக் குடும்பம்ங்கற விவசாயிங்க குழுவப் பத்தி பேசுங்க, ரெண்டு மாநில விவசாயிங்களும் ஒருத்தர் வயல ஒருத்தர் போய்ப் பாத்தாங்க, சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்து ஜனகராஜன் சேத்து வச்சது. கர்நாடகாவுல இருந்து மாண்டியாக்காரன் தஞ்சாவூர் வந்து வறண்ட வாய்க்கால பாத்தான்.

இலைநிழல்:
அந்த இடைக்காலத் தீர்ப்பு 205 டிஎம்சிய அரசிதழ்ல வர வச்சது அம்மா ஆட்சி. இறுதித் தீர்ப்பையும் 2013ல வர வச்சது அவங்கதான். 2007ல தீர்ப்பு வந்து 2011 வரைக்கும் இங்கயும் உங்க ஆட்சி, டெல்லிலயும் உங்களுக்குப் பங்கு, யாரு சும்மா இருந்தா?

உதயசூரியன்67:
தனியா உண்ணாவிரதம் இருந்து படம் காட்டினத விட்டுட்டீங்க.

இலைநிழல்:
1993ல மெரினாவுல முதலமைச்சரே சாப்பிடாம உக்காந்தது உங்களுக்கு படமா? நாக்க அடக்கிப் பேசுங்க.

கல்லணைக்காரன்:
பெங்களூர் தம்பி சொன்னத ஒருத்தராவது படிச்சீங்களா? காவிரிக் குடும்பத்துல பேசின எங்க பக்கத்து ஊர்க்காரர் சொல்வாரு, தண்ணி இல்லாத வருசத்துல பற்றாக்குறைய எப்படி பங்கு போடறதுன்னுதான் கர்நாடகாக்காரனும் கேட்டான், நாமளும் கேட்டோம்னு. கட்சிக்காரங்க இத பேசினதே இல்ல. 2018ல சட்டமன்றத்துல ஒருமனதா தீர்மானம் போட்டீங்க சரி, அடுத்த மாசமே ஆளுக்கொரு போராட்டம், தனித்தனிக் கொடி. இதுல நடுவர் மன்றமும் உங்களுதாம். மே 4, திரும்பச் சொல்றேன், மே 4.

உதயசூரியன்67:
ஜூன் 2 அண்ணே. கோர்ட்டு உத்தரவு போட்டதெல்லாம் நடந்துடுதா? 2018ல தீர்ப்ப நடைமுறைப்படுத்த ஆறு வாரம் கெடு குடுத்தாங்க, காவிரி மேலாண்மை ஆணையம் ஜூன்லதான வந்துச்சு. வி.பி.சிங் இல்லன்னா 1990லயும் அதே கதிதான்.

பெங்களூர்வாசி:
நான் சொன்னதுக்கு கட்சிக்காரங்க யாரும் பதில் சொல்லல.

இலைநிழல்:
1986, எம்ஜிஆர். அத மொதல்ல ஒத்துக்கங்க, அப்புறம் மத்தத பேசுவோம்.

கல்லணைக்காரன்:
எத ஒத்துக்கணும்? கடிதாசி எல்லாரும் போட்டீங்க. கேஸ் போட்டது நாங்க.