பந்தியில் உக்காந்தவரை எழுப்பிவிட்டதைப் பார்த்தவங்க சொல்லுங்க

கெடிலக்கரை:
ஆவணி முகூர்த்தம், கடலூர் பக்கத்துல திருவந்திபுரம். கோயில் மலையில நூறு ஜோடிக்கு மேல தாலி கட்டுற நாள், தெரியும்ல. கீழ மண்டபங்கள் ஒண்ணை ஒண்ணு ஒட்டி. புதுச்சேரியிலருந்து வந்த பெரியவர் ஒருத்தர் மண்டபம் மாறி உக்காந்துட்டார். இலையில தண்ணி தெளிச்சு, இனிப்பும் வெச்சாச்சு. அப்பப் போய் ஒரு பையன், "நீங்க யார் வீடு?"ன்னான். அவர் சொன்ன மாப்பிள்ளை பேரு அங்க ஒருத்தருக்கும் தெரியல. வரிசையே திரும்பிப் பார்க்குது. இலையை மூடறதா விடறதான்னு தெரியாம, ஈரக்கையை வேட்டியில துடைச்சுக்கிட்டு எழுந்து போனார். இன்னும் உறுத்துது.

பந்தி மேஸ்திரி:
பையனைத் திட்டி என்ன? பேர்ப்பலகை முன்வாசல்ல மட்டும் இருந்திருக்கும். சாப்பாட்டுக்கூடத்துக்குப் பக்கவாசல் தனியா உண்டு, கூட்டம் அதுலதான் நுழையும். அங்கயும் மணமக்கள் பேரு, ஊரோட ஒரு பலகை வேணும். விசாரணையெல்லாம் வாசலோட சரி. இலை போட்டாச்சுன்னா யாரா இருந்தாலும் சாப்பிடட்டும். சம்பந்திக்கு ஒதுக்கின வரிசையில முன்னாடியே இலை போடாதீங்க, இலையைப் பார்த்தா ஜனம் உக்காரும். நாற்காலியை மேசைமேல சாய்ச்சு வைங்க.

வில்லியனூர் ராணி:
எழுப்பினாவாவது ஊருக்குத் தெரியும். ஒரு வளைகாப்புல நடுவுல இருந்த அம்மாவுக்கு வடை வரவே இல்ல. கேக்கவும் இல்ல. ரசத்தோட இலையை மூடிட்டாங்க. ரெண்டு பேர் ரெண்டு முனையிலருந்து பரிமாறிட்டு வந்தா நடு இலையை அவன் வெச்சிருப்பான்னு இவன் விட்டுடுவான். சாம்பார்னா மறுபடி வரும்; வடை, அப்பளம் ஒரு நடைதான். ஒரே ஆள் இந்த முனையில ஆரம்பிச்சு அந்த முனையில முடிக்கணும்.

மஞ்சக்குப்பத்தான்:
மேஸ்திரி, பலகை வெச்சா மட்டும் பையன் வாய் சும்மா இருக்குமா? பந்தியை விடுங்க, மொய் மேசையைப் பாருங்க. கவரைப் பிரிக்கிறவர் "நூத்தியொண்ணு!"ன்னு கத்துறார், பின்னாடி நிக்கிற சொந்தமெல்லாம் கேக்குது. ஏன் கத்துறார்? பக்கத்துல மேளம், எழுதறவருக்குக் காது கேக்கல. மேசையை மேளத்துக்கும் ஸ்பீக்கருக்கும் எட்ட, வாசல் பக்கமா போடுங்க. எண்ணினவர் தொகையைக் கவர்மேல பென்சில்ல குறிச்சு நகர்த்தினாப் போதும். நோட்டுல முதல்ல ஊர், அப்புறம் இனிஷியல், பேர், தொகை. ஒரே பேருல நாலு பேர் இருப்பாங்க.

பந்தி மேஸ்திரி:
பென்சில் வேணாம், அழிச்சு எழுதிட்டாங்கன்னு பேச்சு வரும். பேனாவுல குறிங்க. நோட்டும் கவரும் ஒத்துப் பார்க்கிற வரைக்கும் கவரைக் கிழிச்சுப் போடக் கூடாது.