ரெண்டாவது லயம் குடும்பம்: குணா மாமாவின் போர்ச்சுகல்

வாட்ஸ்அப் குழு: ரெண்டாவது லயம் குடும்பம், சுங்கை சிப்புட், மலேசியா

ஞாயிறு, காலை 7:48

குணா: எல்லாருக்கும் வணக்கம். ஒரு விஷயம் சொல்லணும். நானும் சரோவும் போர்ச்சுகல் போலாம்னு பாக்கிறோம். டூருக்கு இல்ல. குடியிருக்க.

தினேஷ்: பெரியப்பா போனை யாரோ ஹேக் பண்ணிட்டாங்க. யாரும் காசு அனுப்பாதீங்க

ராணி: என்ன குணா காலங்காத்தால. அம்மா பசியாறியாச்சா?

குணா: ஆச்சுக்கா. ரெண்டு தோசை. நான் விளையாட்டுக்குச் சொல்லல. டி7ன்னு ஒரு விசா இருக்கு. வேலை செய்யாம வர்ற வருமானம் இருந்தா போதும். பென்சன், வீட்டு வாடகை, டிவிடெண்ட் இந்த மாதிரி. அந்த நாட்டுக் குறைஞ்சபட்ச சம்பளம் அளவுக்குக் காட்டணும். 2025-க்கு மாசம் 870 யூரோ.

சேகர்: நம்ம காசுல எவ்ளோ?

குணா: ஒரு யூரோ 4.90 ரிங்கிட்னு வச்சுக்க. 4,263 வெள்ளி.

சேகர்: அவ்ளோதானா? நான் என்னமோ தோட்டத்து ஆபீஸ் பெரிய கிராணி சம்பளம் கேப்பான்னு நினைச்சேன்

தினேஷ்: அதுக்கு ஹாட்யாய் போலாமே பெரியப்பா. காடியிலயே போய்ட்டு வந்துடலாம்

குணா: அதையும் பாத்தாச்சு. தாய்லாந்து ரிட்டயர்மெண்ட் விசாவுக்கு 50 வயசு ஆகியிருக்கணும், பேங்குல 8 லட்சம் பாட் இல்லாட்டி மாசம் 65,000 பாட் வருமானம். நம்ம காசுல 8,000 வெள்ளிக்கு மேல வரும். ஸ்பெயின் இன்னும் மோசம், மாசம் 2,400 யூரோ. போர்ச்சுகல்தான் நம்ம மாதிரி ஆளுக்கு.

சேகர்: 1511-ல அவங்க மலாக்காவைப் பிடிக்க வந்தப்ப யார்கிட்ட வருமானச் சான்று காட்டினாங்களாம்?

தினேஷ்: 😂😂

காலை 8:20

கவி: மாமா, 870 ஒரு ஆளுக்கு. அத்தைக்கு அதுல பாதி சேக்கணும். 870 + 435 = 1,305. ஏறக்குறைய 6,395 வெள்ளி. உங்க பென்சன் எவ்ளோ, சொல்லலாம்னா சொல்லுங்க

குணா: குடும்பத்துல என்ன ஒளிவு. பென்சன் 3,100. ஈப்போ கடை வாடகை 1,600. உங்க அத்தை இ.பி.எஃப். சேமநிதியில மூன்றரை லட்சம் கிடக்கு. 2024-க்கு 6.30 சதவீதம் டிவிடெண்ட் கொடுத்தான், மாசத்துக்கு 1,837 விழும். எல்லாம் சேத்து 6,537. பாஸ்.

கவி: 142 வெள்ளியில பாஸ். ஆனா 2023-க்கு 5.50தான். அதே மூன்றரை லட்சத்துக்கு 5.50ன்னா மாசம் 1,604. மொத்தம் 6,304. 91 வெள்ளி குறையுது, ஃபெயில்

கவி: அவங்க குறைஞ்சபட்ச சம்பளமும் நின்ன இடத்துல நிக்கல. 2022-ல 705, 2023-ல 760, 2024-ல 820, 2025-ல 870. நம்ம கடைக்காரர் வாடகையை அந்த மாதிரி ஏத்துவாரா?

குணா: அந்தாளு 2016-லேர்ந்து அதே 1,600தான் கொடுக்கிறான் மா

கவி: அசலையே மாசாமாசம் எடுத்து வருமானம்னு காட்டலாம்னு நினைக்காதீங்க. அது சேமிப்பைச் சாப்பிடுறது. சேமிப்புக்குத் தனிக் கணக்கு இருக்கு. அந்த ஊர் பேங்குல அக்கவுண்ட் திறந்து ஒரு வருஷத் தொகையைப் போட்டு வைக்கச் சொல்றாங்க. ரெண்டு பேருக்கு 15,660 யூரோ. 76,734 வெள்ளி

ராணி: அடேயப்பா

கவி: அதுக்கு முன்னாடி அவங்க வரி நம்பர் எடுக்கணும், என்.ஐ.எஃப்.ம்பாங்க. அப்புறம் வீடு. ஹோட்டல் புக்கிங் எல்லாம் செல்லாது, ஒரு வருஷ வாடகை ஒப்பந்தம் கேப்பாங்க. விசா கிடைக்கும் முன்னாடியே காலி வீட்டுக்கு வாடகை ஓடும்

சேகர்: இதுல ஏஜெண்ட் வேற இருப்பானே

குணா: ஈப்போவுல ஒரு ஹோட்டல்ல கூட்டம் போட்டான், போனேன். தே தாரே கொடுத்து, கேக் கொடுத்து, கடைசியில 18,000 கேட்டான். முன்பணம் 5,000 அன்னிக்கே கட்டணுமாம். வரி சுத்தமா இல்லன்னு வேற சொன்னான். கேக்கைத் தின்னுட்டு வந்துட்டேன்.

கவி: வரி இல்லன்னு சொன்னது பழைய கதை மாமா. வெளிநாட்டு பென்சன்காரங்களுக்கு இருந்த சலுகையை 2024-லேர்ந்து புதுசா வர்றவங்களுக்கு மூடிட்டாங்க. வருஷத்துல 183 நாளுக்கு மேல இருந்தா நீங்க அவங்க வரிக் கணக்குக்குள்ள வந்துடுவீங்க, எந்த நாட்டு வருமானமா இருந்தாலும் காட்டணும். நீங்க பாத்த வீடியோ எந்த வருஷத்தது?

குணா: 2021

தினேஷ்: பெரியப்பா 😭

காலை 9:05

ராணி: சோறு கிடைக்குமா அங்க? நீ ரெண்டு நாள் சோறு இல்லாட்டி மூஞ்சியத் தூக்குவ

கவி: ஐரோப்பாவிலேயே தலைக்கு அதிகமா சோறு சாப்பிடுறது அவங்கதான் மா. லிஸ்பன்ல ராதா கிருஷ்ணன் கோயில் கூட இருக்கு. மொசாம்பிக்லேர்ந்து வந்த குஜராத்திக்காரங்க கட்டினது

குணா: பாஷையும் பாதி வந்துடுச்சு. ஜன்னலுக்கு ஜனேலா. சாவிக்கு ஷாவ். மேசைக்கு மேசா. அலமாரிக்கு அர்மாரியோ. மேஸ்திரி கூட அங்கேர்ந்து வந்த சொல்தான்.

சேகர்: அப்ப நம்ம வீட்டுச் சாமான் பூரா அவங்களுதா. கேட்டா கொடுக்காதண்ணே

காலை 9:31

குணா: [குரல் செய்தி 0:38]

தினேஷ்: காடி ஓட்டிட்டு இருக்கேன், யாராச்சும் எழுதுங்க

கவி: பாட்டி பேசறாங்க. "எங்கப்பா மூணு வருஷம்னு சொல்லித்தான் நாகப்பட்டினத்துல ராஜூலா கப்பல் ஏறினாரு. இங்க வந்து ரப்பர் பால்மரம் வெட்டிக் காசு சேத்துக்கிட்டுத் திரும்பிடலாம்னு. அந்த மூணு வருஷம் இன்னும் முடியல. நீ எத்தனை வருஷம்னு சொல்லிட்டுப் போற?" அவ்ளோதான். பின்னாடி டிவி சத்தம்

ராணி: அம்மாகிட்ட ஏன்டா சொன்ன

குணா: மூணு நாளா சரோவும் நானும் பேசறதைக் கேட்டுட்டே இருந்திருக்காங்க. காது கேக்காதுன்னு நாமதான் நினைச்சிட்டிருக்கோம்.

கவி: பாட்டி கேட்ட கேள்விக்கு விசாவே பதில் வச்சிருக்கு மாமா. முதல் கார்டு 2 வருஷத்துக்கு. அதுக்குள்ள ஒரே மூச்சா 6 மாசமோ, விட்டு விட்டு மொத்தம் 8 மாசமோ தாண்டி நாட்டுக்கு வெளிய இருந்தா கார்டை ரத்து பண்ணலாம். 24 மாசத்துல 16 மாசம் நீங்க அங்க இருந்தாகணும். திருவிழா, தீபாவளி, கல்யாணம், சாவு எல்லாம் மீதி 8 மாசத்துக்குள்ள

சேகர்: அம்மாவுக்கு 86. இத இங்க கேக்கக் கூடாதுதான். ஆனா யாராவது கேட்டுத்தான் ஆகணும்

குணா தட்டச்சு செய்கிறார் என்று ரொம்ப நேரம் காட்டியது. ஒன்றும் வரவில்லை.

காலை 10:14

சரோ: நான் எழுதறேன். போர்ச்சுகல்னு முதல்ல சொன்னது உங்க தம்பி இல்ல அண்ணி. நான். அவர் என் பேரை இழுக்க வேணாம்னு தன் மேல போட்டுக்கிட்டாரு.

சரோ: 1994-ல இந்த வீட்டுக்கு வந்தேன். தோட்டத்து லயத்துல ரெண்டு வருஷம், அப்புறம் இந்தத் தாமான் வீடு. அத்தையை நான் குறை சொல்லல. அவங்க எனக்குச் செஞ்சதும் நிறைய. ஆனா துணி எடுக்க வெளிய போனாக் கூட காது உள்ளயே இருக்கு. கிளினிக் வேலைக்குப் போனப்ப எட்டு மணி நேரமாவது என்னுதா இருந்துச்சு. வேலையை விட்டதும் அதுவும் போச்சு.

சரோ: ஒரு வீடியோல ஒரு கிழவி ஜன்னலுக்கு வெளிய கம்பியில துணி காயப் போடுது. அவசரமே இல்லாம, ஒவ்வொரு காலுறையா கிளிப் மாட்டி. அதைப் பாத்துட்டுதான் எந்த நாடுன்னு கேட்டேன். எனக்கு கார்டும் வேணாம் ஒன்னும் வேணாம். வீட்டைப் பூட்டி சாவியைக் கையில வச்சுக்கிட்டுத் திரும்பிப் பாக்காம கொஞ்ச நாள் நடக்கணும்.

காலை 10:40

சேகர்: அண்ணி, நான் ஒன்னும் தப்பா கேக்கல

சரோ: தெரியும் தம்பி.

கவி: அத்தை, நம்ம பாஸ்போர்ட்டுக்கு அங்க போக விசாவே வேணாம். ஐரோப்பாவுல ஒரே விசா கணக்குல இருக்கிற ஷெங்கன் நாடுங்க எல்லாத்துக்கும் சேத்து 180 நாளுல 90 நாள். 76,000ம் வேணாம், ஒரு வருஷ வாடகை ஒப்பந்தமும் வேணாம். பிடிச்சிருந்தா அப்புறம் டி7 பத்திப் பேசுங்க. ஒன்னு மட்டும், ஜனவரியில போகாதீங்க. பழைய வீடுங்கள்ல ஹீட்டர் இருக்காது, சுவரெல்லாம் ஈரம்

தினேஷ்: டி7-க்குப் போறதா இருந்தா பேப்பர் எல்லாம் இப்பவே பாத்து வைங்க பெரியம்மா. எங்கப்பா பேரு சூராட் பெரானாக்ல, அதான் பிறப்புப் பத்திரத்துல ஒன்னு, ஐசி அடையாள அட்டையில ஒன்னு

சேகர்: தோட்டத்துக் கிராணி காதுல எப்படி விழுந்துச்சோ அப்படி எழுதினான். 'சேகரான்'னு

குணா: எங்க கல்யாணச் சர்டிபிகேட்ல சரோஜாவுக்கு ஒரு எழுத்து கூட இருக்கு. அதைத் திருத்தணும், போலீஸ் நன்னடத்தைச் சான்று வாங்கணும், வெளியுறவு அமைச்சு விஸ்மா புத்ராவுல முத்திரை அடிக்கணும். அந்தப் பாஷையில மொழிபெயர்க்கணும். நினைச்சாலே இடுப்பு வலிக்குது.

மதியம் 12:22

ராணி: சரோ. நான் காலையிலேர்ந்து போனைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். எனக்குக் கோவம் வந்துச்சு. யார் மேலன்னு தெரியல.

ராணி: அம்மா மூணு மாசம் கிள்ளான்ல என்கிட்ட இருக்கட்டும். கீழ் ரூமைக் காலி பண்றேன். மாடிப்படி ஏற வேண்டியதில்ல. கவி வாரம் ஒரு தடவை வருவா. சேகர், மாசம் ஒரு வாரம் நீ வந்து பாக்கிற. ஜோகூர் தூரம்னு கதை சொல்லக் கூடாது

சேகர்: சரிக்கா

குணா: அம்மா ஒத்துக்கணுமே

ராணி: அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். நீ ஏப்ரலுக்கு டிக்கெட் பாரு. சரோ, மருந்தெல்லாம் என்னென்னன்னு எழுதி அனுப்பு

மதியம் 1:03

சரோ: காலையில பசியாறின பிறகு பிரஷர் மாத்திரை, வெள்ளை, பாதி. ராத்திரி கொலஸ்ட்ரால். சக்கரை மாத்திரை ரெண்டு வேளை, சாப்பாட்டோட. மூணு மாசத்துக்கு ஒரு தடவை கவர்மெண்ட் கிளினிக்ல ரத்தம் எடுப்பாங்க, அட்டை அலமாரி மேல் தட்டுல பிஸ்கட் டின்னுக்குள்ள இருக்கு. மாத்திரையைத் தோசைக்குள்ள வச்சுக் கொடுக்காதீங்க, கண்டுபிடிச்சுத் துப்பிடுவாங்க. வாழைப்பழத்துல வச்சுக் கொடுங்க. பிசாங் மாஸ் மட்டும்.

ராணி: வேற பழம் ஆகாதா?

சரோ: ஆகாது அண்ணி.