எந்த வேலைக்கு எந்த ஏஐ? யூஸ் பண்ணவங்க சொல்லுங்களேன்

வணக்கம் மக்களே, கடலூர் மஞ்சக்குப்பத்துல சின்னதா ஜெராக்ஸ், டைப்பிங் கடை வச்சிருக்கேன். மனு, பழைய பத்திரம் பாத்து அடிக்கிறது, காதுகுத்து பேனர், காலேஜ் பசங்க புராஜெக்ட்னு எல்லாமே வரும். எல்லாத்துக்கும் ஒரே ஏஐ ஆப்ப வச்சுதான் ஓட்றேன், அதான் சிக்கல்.

மனு நல்லாவே எழுதுது. ஆனா போன வாரம் ஒரு பெரியவர் கொண்டாந்த கையால எழுதின பத்திரத்த போட்டோ எடுத்து போட்டா, சர்வே நம்பர்ல ஒரு இலக்கத்த மாத்திட்டு ஒண்ணுமே நடக்காத மாதிரி குடுக்குது, நல்லவேள பிரிண்ட் போடறதுக்கு முன்னாடி விரல் வச்சு படிச்சேன், இல்லன்னா அந்த மனுஷன் எங்க போய் நிப்பாரு! பேனர் கேட்டா படம் சூப்பர், தமிழ் எழுத்துல கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம். எழுத்த மட்டும் போட்டோஷாப்ல நானே அடிச்சுக்கறேன்.

புதுச்சேரில படிக்கிற தங்கச்சி பையன் சொல்றான், கூகுளோட நோட்புக்எல்எம் நாம குடுக்கற பிடிஎஃப்ப வச்சே பதில் சொல்லும், எங்கேருந்து எடுத்துச்சுன்னும் காட்டும், புராஜெக்ட்டுக்கு அத வச்சுக்கோ மாமான்னு. ஆடியோவ டைப் பண்ண ஓப்பன்ஏஐ 2022ல விட்ட விஸ்பர் இருக்காம், நம்ம கம்ப்யூட்டர்லயே ஓடுமாம், அடுத்தவங்க பேசின ரெக்கார்டிங்க நெட்ல ஏத்த வேணாம்ல.

கேள்வி இதான்: கையெழுத்து தமிழுக்கு சாட்ஜிபிடி, ஜெமினி, கிளாட் மூணுல எது தேறும்? ஒண்ணுக்குதான் மாசாமாசம் காசு கட்ட முடியும், எதுக்கு கட்டலாம்? என் கம்ப்யூட்டர் 8 ஜிபி ராம், கிராபிக்ஸ் கார்டு இல்ல, இதுல விஸ்பர் தமிழுக்கு சரிப்படுமா? யூடியூப் லிங்க் வேணாம்ங்க, சொந்தமா யூஸ் பண்ணவங்க மட்டும் சொல்லுங்க.